முட்டை உரிக்கவும் வேதியியல் வேண்டும்

விடிகாலை ஐந்து மணி. எங்கள் வீட்டுச் சமையலறையில் நான் ஒரு முட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஓட்டை நகத்தால் பெயர்த்தால் வெள்ளைக்கருவும் கூடவே பிய்த்துக்கொண்டு வந்தது. கையில் மிஞ்சியது முட்டையா, எலி கடித்த ரொட்டியா என்று எனக்கே சந்தேகம். இன்னும் 29 முட்டைகள் பாக்கி இருந்தன.

எஸ்.பி.எம். தேர்வில் வேதியியலில் நல்ல புள்ளிகள் வாங்கியவன் நான். இப்போது ஆறாம் படிவத்திலும் அதே பாடத்தைத்தான் படிக்கிறேன். ஆனால் அன்று ஒரு முட்டையை முழுசாக உரிக்க முடியவில்லை.

கிள்ளானில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்குக் கீழே அம்மா தினமும் காலையில் நாசி லெமாக் விற்கிறார். 60 பொட்டலம். பொட்டலத்துக்கு அரை முட்டை. அதாவது நாளுக்கு ஒரு தட்டு, 30 முட்டை. வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் பசியாற வாங்கிப் போவார்கள். ஆறு மணிக்கு மேசை போட்டால் ஏழு மணிக்குள் எல்லாம் தீர்ந்துவிடும். பல்கலைக்கழகத்தில் படிக்கும் அக்காவின் கைச்செலவும் என் பேருந்துக் காசும் அந்தப் பொட்டலங்களிலிருந்துதான் வருகின்றன.

பள்ளி விடுமுறை தொடங்கிய வாரத்தில் அம்மா மழை ஈரத்தில் படிக்கட்டில் வழுக்கி விழுந்தார். வலக்கை மணிக்கட்டில் எலும்பு முறிவு. மாவுக்கட்டு போட்டார்கள். ஆறு வாரம் அந்தக் கையால் எதையும் தூக்கக்கூடாது என்றார் மருத்துவர். அப்பாவுக்கு இரவு ஷிப்ட். வீடு வந்து சேரவே எட்டு மணியாகிவிடும்.

“ஆறு வாரம் மேசை போடாம இருந்தா, அப்புறம் வாடிக்கை திரும்பி வருமா?” என்று அம்மா கவலைப்பட்டார். “நான் பார்த்துக்கறேம்மா” என்று சொல்லிவிட்டேன். சோறும் சம்பலும் அம்மா பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல ஓரளவு கைக்கு வந்தன. முட்டை அவிப்பதற்கு யார் சொல்லித்தர வேண்டும் என்று நினைத்தேன். கேட்கவே இல்லை.

முதல் நாள் கணக்கு

30 முட்டைகளைப் பெரிய பானையில் அடுக்கி, குளிர்ந்த நீரை ஊற்றி, அடுப்பைப் பற்றவைத்தேன். எங்கோ அப்படிச் செய்யச் சொல்லிப் படித்திருந்தேன். வெந்ததும் குழாய் நீரில் ஒரு முறை காட்டிவிட்டு உரிக்கத் தொடங்கினேன். 13 முட்டைகள் கிழிந்துபோயின.

“கிழிஞ்சத சம்பல்ல போட்டுடு தம்பி, வீணாக்க வேணாம்” என்றார் அம்மா. 13 முட்டை என்றால் 26 பொட்டலம். அந்த 26 பொட்டலங்களையும் முட்டை இல்லாமல் கட்டி, தலைக்கு 50 காசு குறைத்து விற்றோம். 13 வெள்ளி நட்டம். அதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. தினமும் மூன்று பொட்டலம் வாங்கும் தொழிற்சாலை அங்கிள் ஒருவர், “முட்டை இல்லையா?” என்று கேட்டு ஒன்று மட்டும் வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் அவர் வரவில்லை.

மறுநாளும் ஒன்பது முட்டைகள் கிழிந்தன. அன்று மாலைதான் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். “அம்மா, நீங்க எப்படிம்மா உரிப்பீங்க?”

மின்னல் எஃப்.எம்.மில் நாலு பாட்டு முடிவதற்குள் 30 முட்டையையும் உரித்து அடுக்கிவிடுகிறவர் அவர். சற்று யோசித்துவிட்டு, “நீ எந்தத் தட்ட எடுத்த?” என்றார்.

“மேல இருந்தத.”

“அது முந்தாநாள் வந்த புதுசாச்சே. கீழ இருக்கறது போன வாரத்துது. அதத்தான் மொதல்ல எடுக்கணும். தண்ணி கொதிச்ச அப்புறம்தானே முட்டைய போட்ட?”

“இல்லம்மா, பச்சத் தண்ணியில போட்டேன்.”

அம்மா சிரித்துவிட்டார். “பாட்டி பாத்தா திட்டுவாங்க.”

ஏன் அப்படி என்று கேட்டதற்கு, “அது அப்படித்தான்” என்றார். பழைய தட்டை முதலில் எடுப்பது சிக்கனத்துக்காக என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

பென்சிலும் 12 முட்டைகளும்

ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் இல்லை. அம்மாவின் பேச்சைச் சோதித்துப் பார்க்க முடிவு செய்தேன். பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்று ஆசிரியர் திரும்பத் திரும்பச் சொல்வார். முதல் இரண்டு நாளும் நான் பார்த்தது எது முட்டையின் வயதால் வந்தது, எது தண்ணீரால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலை.

பழைய தட்டிலிருந்து ஆறு, புதிய தட்டிலிருந்து ஆறு எடுத்தேன். ஓட்டின் மேல் பென்சிலால் குறியிட்டேன். ஒவ்வொன்றிலும் மூன்றைக் குளிர்ந்த நீரில் தொடங்கினேன். மூன்றைக் கொதிக்கும் நீரில் இறக்கினேன். வெந்ததும் எல்லாவற்றையும் ஒரே ஐஸ் நீரில் 15 நிமிடம் போட்டேன். பிறகு உரித்தேன்.

புதிய முட்டை, குளிர்ந்த நீர்: மூன்றும் கிழிந்தன. பழைய முட்டை, குளிர்ந்த நீர்: ஒன்று கிழிந்தது. புதிய முட்டை, கொதிநீர்: ஒன்றில் மட்டும் சிறு பள்ளம். பழைய முட்டை, கொதிநீர்: மூன்றும் பளிங்கு போல வந்தன.

12 முட்டைகளை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது. ஆனாலும் அம்மா சொன்ன இரண்டுமே அதில் தெரிந்தன. தேடிப் படித்தபோது, நிறைய முட்டைகளை அவித்துச் சோதித்துப் பார்த்த அமெரிக்கச் சமையல் எழுத்தாளர் கென்ஜி லோபஸ்-ஆல்ட் என்பவரும் சூடான நீரில் தொடங்குவதுதான் உரிப்பதை எளிதாக்குகிறது என்று எழுதியிருப்பது தெரிந்தது. நியாயமாகப் பார்த்தால் பாட்டியின் பெயரையும் பக்கத்தில் போட வேண்டும்.

ஓட்டுக்குள் நடப்பது என்ன?

முட்டை ஓடு கெட்டியாகத் தெரிந்தாலும் அதில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. புதிதாக இட்ட முட்டையின் வெள்ளைக்கருவில் கரியமில வாயு கரைந்திருக்கும். அதனால் அதன் பி.எச். அளவு ஏறக்குறைய 8-க்குள் இருக்கும். நாளாக ஆக அந்த வாயு நுண்துளைகள் வழியே வெளியேறும். வெள்ளைக்கரு மேலும் காரத்தன்மை அடைந்து பி.எச். 9-ஐத் தாண்டும்.

ஓட்டுக்கு உட்புறம் மெல்லிய சவ்வு இருக்கிறது. பி.எச். குறைவாக இருக்கும்போது அவிந்த வெள்ளைக்கரு அந்தச் சவ்வோடு இறுகப் பிடித்துக்கொள்கிறது. பி.எச். ஏறினால் பிடி தளர்கிறது. ஆக, ‘புதுசு ஒட்டும்’ என்பது உண்மை. நல்ல முட்டை வேண்டுமென்று அன்றைக்கே வந்த முட்டையை வாங்கி அன்றைக்கே அவித்தால் உரிக்கும்போது தொல்லைதான். பொரிப்பதற்கும் ஊற்றிச் சுடுவதற்கும் புதிய முட்டை சிறந்தது. அவிப்பதற்கு ஒரு வாரம் ஆன முட்டை நல்லது.

தண்ணீர் விஷயம் வேறு. குளிர்ந்த நீரில் தொடங்கினால் வெள்ளைக்கரு மெதுவாகச் சூடேறுகிறது. அதன் புரதங்கள் சவ்வோடு சேர்ந்து பிணைய நேரம் கிடைக்கிறது. கொதிநீரில் இறக்கினால் ஓட்டை ஒட்டிய வெள்ளைக்கரு சட்டென்று இறுகிவிடுகிறது. சவ்வைப் பற்றிக்கொள்ள வாய்ப்புக் குறைகிறது.

இப்போது நான் செய்யும் முறை

முட்டைகள் நன்றாக மூழ்கும் அளவுக்குத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறேன். 30 முட்டையையும் ஒன்றாகப் போட்டால் கொதி அடங்கிவிடும். மறுபடி கொதிக்க நேரமாகும். குளிர்ந்த நீரில் தொடங்கியது போலவே ஆகிவிடும். அதனால் இரண்டு பானைகளில் 15, 15-ஆகப் போடுகிறேன். குளிர்சாதனப் பெட்டியில் இருந்த முட்டையென்றால் கொதிநீரில் விரிசல் விடலாம். சற்று முன்னதாகவே வெளியே எடுத்து வைத்துவிடுவேன். கரண்டியில் வைத்து ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். மேலிருந்து போட்டால் உடையும்.

பிறகு தீயைக் குறைத்து, நீர் மெதுவாகக் கொதிக்கும்படி விட்டு நேரம் பார்க்கிறேன். நடுத்தர அளவு முட்டைக்கு ஆறு, ஏழு நிமிடத்தில் வெள்ளை இறுகி மஞ்சள் ஓடும் நிலையில் இருக்கும். எட்டு, ஒன்பது நிமிடத்தில் மஞ்சள் ஜாம் போல இருக்கும். 11, 12 நிமிடத்தில் முழுதும் வெந்துவிடும். நாசி லெமாக்குக்கு 12 நிமிடம். கேமரன் மலை போன்ற உயரமான இடத்தில் இருப்பவர்கள் இன்னும் ஓரிரு நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

நேரம் முடிந்ததும் உடனே ஐஸ் நீர். கால் மணி நேரம் அதிலேயே கிடக்கட்டும். சூட்டிலேயே விட்டால் உள்ளே தொடர்ந்து வேகும். மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சையாக ஒரு வளையம் வரும். வெள்ளைக்கருவிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைட் மஞ்சள் கருவின் இரும்போடு சேர்ந்து இரும்பு சல்பைட் ஆவதால் வரும் நிறம் அது. உடலுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் வாடிக்கையாளருக்கு அதை மேசையில் நின்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

உரிக்கும்போது அகன்ற முனையை முதலில் தட்டுங்கள். காற்றுப் பை இருப்பது அங்கேதான். சவ்வுக்குக் கீழே விரல் நுழைய இடம் கிடைக்கும். பிறகு முட்டையை மேசையில் மெல்ல உருட்டி ஓடு முழுவதும் விரிசல் விடச் செய்து, பாத்திரத்து நீருக்குள் வைத்து உரியுங்கள். ஓட்டை மட்டும் பெயர்க்காமல் சவ்வோடு சேர்த்து இழுக்க வேண்டும். சவ்வு வந்தால் ஓடு தானாகவே கழன்று வரும்.

தண்ணீரில் உப்பு போட்டும் பார்த்தேன். எங்கள் பானையில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. அதனால் விட்டுவிட்டேன்.

விடுதியில் இருப்பவர்களுக்கு

வாடகை அறையிலும் விடுதியிலும் தங்கிப் படிக்கும் நண்பர்களுக்கு அவித்த முட்டையைப் போலக் கைகொடுக்கும் உணவு குறைவு. ஆனால் சில விஷயங்களில் கவனம் வேண்டும். பச்சை முட்டையைத் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். ஓட்டில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். அவித்ததை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். குளிர்சாதனப் பெட்டியில், உரிக்காமல், ஒரு வாரம் வரை வைக்கலாம்.

முட்டை எவ்வளவு பழையது என்று தெரியாவிட்டால் ஒரு கோப்பைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். படுத்துக் கிடந்தால் புதியது. அடியில் நிமிர்ந்து நின்றால் சற்றுப் பழையது, அவிப்பதற்கு ஏற்றது. மேலே மிதந்தால் மிகப் பழையது. எடுக்காமல் இருப்பதே நல்லது.

அம்மா சொன்ன பதில்

மூன்றாவது வாரத்தில் 30 முட்டையில் ஒன்று, இரண்டு மட்டுமே கிழிந்தன. அந்தத் தொழிற்சாலை அங்கிளும் ஒரு காலையில் திரும்பி வந்தார். பொட்டலத்தைப் பிரித்து முட்டையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. “மூணு கொடு தம்பி” என்றார். அன்று நான் பட்ட மகிழ்ச்சிக்கு எந்தத் தேர்வு முடிவும் ஈடாகாது.

ஒருநாள் முட்டை உரித்துக்கொண்டே பி.எச்., சவ்வு, கரியமில வாயு என்று அம்மாவுக்கு விளக்கிச் சொன்னேன். இடக்கையால் வாழை இலையைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். “ஓ, அதனாலதானா?” என்று வியந்தார். இத்தனை வருடம் செய்துவந்த வேலைக்குக் காரணம் தெரிந்ததில் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம்.

“ஏம்மா, மொத நாளே நீங்க இதச் சொல்லியிருக்கலாமே?” என்று கேட்டேன்.

“நீ கேக்கவே இல்லையே தம்பி. படிச்ச பிள்ளை, ஒனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்.”

அந்தப் பதில் இன்னும் மனத்தை விட்டுப் போகவில்லை. எனக்குக் காரணம் சொல்லத் தெரியும், கைப்பழக்கம் இல்லை. அம்மாவுக்குக் கைப்பழக்கம் உண்டு, காரணம் தெரியாது. இரண்டு பேரும் ஒரே சமையலறையில்தான் இருந்தோம். முதல் நாளே கேட்டிருந்தால் 13 வெள்ளி மிஞ்சியிருக்கும்.

மாவுக்கட்டைப் பிரித்தாகிவிட்டது. சோறும் சம்பலும் மறுபடி அம்மாவின் பொறுப்பு. பள்ளி தொடங்கிவிட்டாலும் முட்டை வேலையை நான் விட்டுக்கொடுக்கவில்லை. இப்போது அம்மா அரிசிக்குத் தேங்காய்ப் பாலை எந்த நேரத்தில் ஊற்றுகிறார், ஏன் அந்த நேரத்தில் ஊற்றுகிறார் என்று கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் ‘அது அப்படித்தான்’ என்று சொல்லிச் செய்யப்படும் வேலை ஒன்றாவது இருக்கும். பழசு என்று ஒதுக்காமல் ஒரு நாள் பக்கத்தில் நின்று கேளுங்கள். பிறகு பென்சிலை எடுத்துச் சோதித்துப் பாருங்கள். சோதனை தோற்றாலும் பரவாயில்லை, மதியத்துக்கு முட்டைக் குழம்பு கிடைக்கும்.