கல்லூரி வாசலில் கணக்குத் தவறலாமா?



ஒரு மூட்டை துவரம் பருப்பு வாங்குவதற்கு முன் நாம் எத்தனை கேள்வி கேட்கிறோம்! எந்த ஊர்ச் சரக்கு, கழிவு எவ்வளவு, போன வாரம் என்ன விலை, லாரி வாடகை யார் தலையில், தவணை எத்தனை நாள் என்று துருவித் துருவிக் கேட்ட பிறகே ஆர்டர் கொடுக்கிறோம். ஆனால் பிள்ளையின் கல்லூரிப் படிப்பு என்று வரும்போது, பக்கத்துக் கடைக்காரர் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி முடிவெடுத்து விடுகிறோம். "ஐ.ஐ.டி. எல்லாம் நமக்குக் கிடைக்காது", "கிடைத்தாலும் நம்மால் கட்ட முடியாது" என்று இரண்டே வரியில் கணக்கை முடித்து விடுகிறோம்.

நம் கடைத்தெருவில் மளிகைக் கடை நடத்தும் அன்பர் ஒருவருக்கு நேர்ந்ததை அவருடைய அனுமதியோடு எழுதுகிறேன். அவருடைய மகள் ஜே.இ.இ. மெயின் தேர்வு எழுதி, பிற்படுத்தப்பட்டோர் பிரிவில் மத்திய அரசின் கல்லூரி ஒன்றில் இடம் பெறும் அளவுக்குத் தரவரிசை வாங்கினாள். பள்ளியில் கொடுத்த சாதிச் சான்றிதழ் போதும் என்று அவர் இருந்துவிட்டார். அதே ஆண்டில் வாங்கிய, மத்திய அரசுப் படிவத்திலான சான்றிதழ் வேண்டும் என்று தெரிந்து தாலுகா அலுவலகத்துக்கு ஓடியபோது காலம் கடந்துவிட்டது. இடம் கைநழுவியது. பிறகு நிர்வாக ஒதுக்கீட்டில் ஒரு தனியார் கல்லூரியில் பணம் கட்டிச் சேர்த்தார். அதற்காகக் கடைச் சரக்கில் பாதியை விற்று முதலை எடுத்தார். தீபாவளி நேரத்தில் அலமாரி காலியாக இருந்தது. "படிப்பில் என் மகள் தோற்கவில்லை அண்ணாச்சி, கணக்கில் நான்தான் தோற்றேன்" என்று அவர் சொன்னது என் மனதை விட்டு அகலவில்லை.

இன்னொரு உறுப்பினருக்கு இந்த நிலை வரக்கூடாது என்பதற்காகவே இக்கட்டுரை. நமக்குப் பழக்கமான வியாபாரக் கண்ணோடு இதைப் பார்ப்போம்.

வாய்ப்பை எடை போடுவது எப்படி?

2024-ஆம் ஆண்டில் ஜே.இ.இ. மெயின் தேர்வை எழுதியவர்கள் 14 லட்சத்துக்கும் மேல். அந்த ஆண்டு 23 ஐ.ஐ.டி.க்களிலும் சேர்த்து இருந்த இடங்கள் 17,740. அதாவது ஏறத்தாழ 80 பேருக்கு ஒரு இடம். இதைக் கேட்டவுடன் பலர் மலைத்துப் போகிறார்கள். ஆனால் இது சராசரிக் கணக்கு. சந்தையின் சராசரி விலையை வைத்து நம் கையிலுள்ள சரக்கை யாரும் விற்பதில்லை. நம் சரக்கின் தரம் என்ன என்பதே கேள்வி. அதுபோல நம் பிள்ளையின் தரவரிசை எண்தான் முக்கியம்.

ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்ற மத்தியக் கல்லூரிகளுக்கு 2015 முதல் 'ஜோசா' என்ற பொது அமைப்பே இடம் ஒதுக்குகிறது. எந்தக் கல்லூரியில், எந்தப் பாடப்பிரிவில், எந்தத் தரவரிசையில் தொடங்கி எந்தத் தரவரிசையோடு இடங்கள் முடிந்தன என்ற பட்டியலை ஆண்டுதோறும் அது வெளியிடுகிறது. இது நமக்குப் பழைய விலைப் பட்டியல் மாதிரி. கடந்த மூன்று ஆண்டுகளின் கடைசிச் சுற்றுப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள். மூன்று ஆண்டும் பிள்ளையின் எண்ணுக்குப் பின்னால் முடிந்திருந்தால் நம்பிக்கையான இடம். ஓராண்டு முன்னும் ஓராண்டு பின்னுமாக இருந்தால் முயலத்தக்க இடம். மூன்று ஆண்டும் முன்னாலேயே முடிந்திருந்தால் அரிதான இடம். இந்த மூன்று வகையிலும் சில கல்லூரிகளை எழுதி வைக்க வேண்டும்.

இதில் பெற்றோர் செய்யும் பிழைகள் மூன்று.

ஒன்று, ஐ.ஐ.டி.க்கு ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தரவரிசை, என்.ஐ.டி.க்கு ஜே.இ.இ. மெயின் தரவரிசை. இரண்டையும் குழப்பக்கூடாது. மேலும், இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்குப் பட்டியலில் போடப்படுவது அந்தப் பிரிவுக்குள் உள்ள தரவரிசை. அதைப் பொதுத் தரவரிசையோடு ஒப்பிட்டுப் பார்த்து, "நமக்கு எங்கே கிடைக்கும்" என்று பின்வாங்கியவர்கள் உண்டு.

இரண்டு, என்.ஐ.டி.க்களில் பாதி இடங்கள் அந்தந்த மாநில மாணவர்களுக்கு. தமிழ்நாட்டில் பிளஸ் டூ தேறிய பிள்ளைக்குத் திருச்சி என்.ஐ.டி.யின் சொந்த மாநிலப் பட்டியல்தான் பொருந்தும். பெண் பிள்ளைகளுக்குத் தனிப் பட்டியலும் உண்டு. பலர் தவறான பட்டியலையே பார்க்கிறார்கள்.

மூன்று, விருப்பப் பட்டியலில் பெரிய கல்லூரியை முதலில் எழுதினால் கீழே உள்ளது போய்விடும் என்ற பயம். அப்படி இல்லை. முதலில் எழுதியது கிடைக்காவிட்டால் அடுத்தது அதே தரவரிசைப்படி பார்க்கப்படும். ஆகவே உண்மையான விருப்ப வரிசைப்படியே எழுதலாம்.

நம் மாநிலப் பொறியியல் கலந்தாய்வுக்கு இந்த நுழைவுத் தேர்வு எதுவும் வேண்டாம். 2007 முதல் பிளஸ் டூ மதிப்பெண்ணே அடிப்படை. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று மொத்தம் 200-க்குக் கணக்கிடுகிறார்கள். கிண்டிப் பொறியியல் கல்லூரியைப் போன்ற இடங்களில் அரை மதிப்பெண் கூடப் பல இடங்களை முன்பின்னாக மாற்றிவிடும். ஜே.இ.இ. எழுதும் பிள்ளையும் பிளஸ் டூ மதிப்பெண்ணை அலட்சியம் செய்யலாகாது. ஒரே மொத்த வியாபாரியை மட்டும் நம்பிக் கடை நடத்துவோமா?

பலகை விலையும் அடக்க விலையும்

இனிப் பணத்துக்கு வருவோம். ஐ.ஐ.டி.யில் பி.டெக். படிப்புக்குக் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் என 2016-ல் நிர்ணயிக்கப்பட்டது. என்.ஐ.டி.க்களில் 1 லட்சத்து 25 ஆயிரம். இது பலகையில் எழுதிய விலை. எல்லோரும் இதையே கட்டுவதில்லை.

தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. மற்ற எந்தப் பிரிவானாலும், குடும்ப ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்குள் இருந்தால் முழுத் தள்ளுபடி. 1 லட்சத்துக்கு மேல் 5 லட்சம் வரை இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. அப்படியானால் ஐ.ஐ.டி.யில் ஆண்டுக்கு 66,667 ரூபாய்தான். நான்கு ஆண்டில் 8 லட்சம் என்பது சுமார் 2 லட்சத்து 67 ஆயிரமாகக் குறைகிறது. என்.ஐ.டி.யில் 5 லட்சம் என்பது சுமார் 1 லட்சத்து 67 ஆயிரமாகிறது. விடுதியும் சாப்பாடும் தனி. அதையும் சேர்த்தே அடக்கம் போட வேண்டும். சேரும் ஆண்டின் கட்டண அறிவிப்பையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

தமிழகக் கலந்தாய்விலும் சலுகைகள் உண்டு. குடும்பத்தில் யாரும் பட்டம் பெறாத நிலையில் முதலாவதாகச் சேரும் பிள்ளைக்கு முதல் பட்டதாரி கட்டணச் சலுகை உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியலில் 7.5 சதவிகித ஒதுக்கீடு உண்டு. அவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிச் சேர்ந்தால் இவை எதுவும் கிடையாது என்பது குறிப்பிடத்தக்கது.

விற்பனை வேறு, வருமானம் வேறு

"எனக்கு வருடத்துக்கு 60 லட்சம் விற்பனை. எனக்கு யார் சலுகை தருவார்கள்?" என்று நம்மவர்கள் கேட்பதுண்டு. 60 லட்சம் என்பது விற்பனை, வருமானம் அல்ல. சிறு வணிகர்கள் உத்தேச வருமான முறையில் வரிக் கணக்குக் கொடுக்கலாம். ரொக்க விற்பனையில் 8 சதவிகிதமும், வங்கி வழி வரும் விற்பனையில் 6 சதவிகிதமும் குறைந்தபட்ச லாபமாகக் கொள்ளப்படும். 60 லட்சமும் ரொக்கமானால் 4 லட்சத்து 80 ஆயிரம். பாதி ரொக்கம், பாதி வங்கி என்றால் 4 லட்சத்து 20 ஆயிரம். வேறு வருமானம் இல்லாத குடும்பமானால் இரண்டுமே 5 லட்சத்துக்குள்தான்! உண்மை லாபம் இதைவிட அதிகமானால் அதைக் காட்டுவதே முறை. கமிஷன் மண்டி நடத்துவோருக்கு இந்த முறை பொருந்தாது. வாடகை வருமானம், மனைவியின் வருமானம் ஆகியவையும் குடும்ப வருமானத்தில் சேரும். ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசித் தெளிவு பெறுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சலுகைக்காக வருமானத்தைக் குறைத்துக் காட்டும் ஆசை யாருக்கும் வரக்கூடாது. அது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம். அதே கணக்கைத்தான் நாளை கடைக்கு ஓவர்டிராஃப்ட் கேட்கும்போது வங்கி மேலாளர் பார்ப்பார். தாலுகா அலுவலகத்தில் ஒரு கணக்கு, வங்கியில் ஒரு கணக்கு என்று இரண்டு பேரேடு வைத்தவன் நிம்மதியாகத் தூங்கியதில்லை. கணக்கே எழுதாமல் இருப்பவருக்கும் நஷ்டம்தான். நியாயமாகக் கிடைக்க வேண்டிய சலுகையைக் கேட்க அவர் கையில் ஆதாரம் இருக்காது.

சான்றிதழில் கோட்டை விடாதீர்கள்

நம் மளிகைக் கடை அன்பர் சறுக்கிய இடம் இதுதான். தமிழகக் கலந்தாய்வில் பிற்படுத்தப்பட்ட வகுப்புக்கு வருமான வரம்பு இல்லை. நிரந்தரச் சாதிச் சான்றிதழ் போதும். மத்தியக் கல்லூரிகளில் 'கிரீமி லேயர்' எனப்படும் வசதி படைத்த பிரிவில் வராதவர்களுக்கு மட்டுமே பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு. அதற்கு மத்திய அரசுப் படிவத்தில், சேரும் ஆண்டின் ஏப்ரல் 1-ஆம் தேதியன்றோ அதற்குப் பிறகோ வாங்கிய சான்றிதழ் வேண்டும். 2017 முதல் வருமான வரம்பு 8 லட்சம். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அதைத் தாண்டினால்தான் விலக்கப்படுவர். விவசாய வருமானம் இதில் சேராது.

எந்த ஒதுக்கீட்டிலும் வராத வகுப்பினருக்கு, மத்தியக் கல்லூரிகளில் 2019 முதல் பொருளாதாரத்தில் நலிந்தோருக்கான 10 சதவிகித ஒதுக்கீடு உண்டு. அதற்கும் வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஆனால் இதில் விவசாய வருமானமும் சேரும். 5 ஏக்கர் நிலம், 1,000 சதுர அடி அடுக்குமாடி வீடு போன்ற சொத்து வரம்புகளும் உண்டு. தமிழக அரசின் கலந்தாய்வில் இந்த ஒதுக்கீடு நடைமுறையில் இல்லை.

எனவே பிள்ளை பிளஸ் ஒன் சேர்ந்த அன்றே ஒரு கோப்பு போடுங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், மூன்று ஆண்டு வரிக் கணக்கு ஆகியவை அதில் இருக்கட்டும். பெயரின் எழுத்து எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். புதுப்பிக்க வேண்டியவற்றை ஏப்ரல் முதல் வாரத்திலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள்.

கடை முதலைத் தொடாதீர்கள்

மீதிப் பணத்துக்குக் கல்லாவில் கை வைப்பதே நம் வழக்கம். கொஞ்சம் யோசியுங்கள். ஒரு லட்சம் ரூபாய்ச் சரக்கு மாதம் ஒரு சுற்று சுற்றி, சுற்றுக்கு 3 சதவிகிதம் நிகரமாக நின்றால் ஆண்டுக்கு 36,000 ரூபாய். கல்விக் கடன் வட்டி இந்த அளவுக்கு வராது.

வழக்கமான வங்கிக் கல்விக் கடனில் 7 லட்சத்து 50 ஆயிரம் வரை சொத்து ஈடு வேண்டாம். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் முடிந்த பிறகே தவணை தொடங்கும். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலக்ஷ்மி திட்டத்தில், பட்டியலிட்ட தரமான கல்லூரிகளில் தகுதி அடிப்படையில் சேருவோருக்கு ஈடும் வேண்டாம், ஜாமீன்தாரரும் வேண்டாம். தொடக்கத்தில் 860 கல்லூரிகள் அதில் இருந்தன. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்து, வேறு அரசு உதவித்தொகை பெறாதவர்களுக்கு, 10 லட்சம் வரையான கடனில் தவணை தொடங்கும் வரை 3 சதவிகித வட்டி மானியம் உண்டு. இது ஆண்டுக்கு ஒரு லட்சம் மாணவர்களுக்கு மட்டும் என்பதால் முந்திக்கொள்வது நல்லது. தொழிற்படிப்புகளில் வருமானம் 4 லட்சத்து 50 ஆயிரத்துக்குள் இருந்தால் அந்தக் காலத்து வட்டி முழுவதையும் அரசே ஏற்கும் திட்டமும் உண்டு.

வணிகப் பெருமக்களே! இந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையடைத்த பிறகு பிள்ளையோடு உட்காருங்கள். ஒரு தாளில் கிடைக்கக்கூடிய கல்லூரிகள், இன்னொன்றில் தள்ளுபடி போக உண்மையான செலவு, மூன்றாவதில் வாங்க வேண்டிய சான்றிதழ்கள் என்று எழுதுங்கள். அந்த மூன்று தாளையும் பார்த்த பிறகு "வேண்டாம்" என்று சொன்னால் அது முடிவு. பார்க்காமலே சொன்னால் அது பயம்.

நம் மளிகைக் கடை அன்பரின் இளைய மகன் இப்போது பிளஸ் ஒன் படிக்கிறான். போன வாரம் கடைக்குப் போயிருந்தபோது, கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நீல நிறக் கோப்பு இருந்தது. "இந்தத் தடவை கணக்குத் தவறாது அண்ணாச்சி" என்றார். உங்கள் கடையிலும் அப்படி ஒரு கோப்பு இருக்க வேண்டும் என்பதே நமது வேண்டுகோள்.