வானத்தில் பட்டுத் திரும்பும் குரல்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையின் மலையகத்தைக் குலைத்தபோது மண்சரிவுகள் பாதைகளை மூடின. மின்சாரமும் ஃபைபர் இணைப்பும் அறுந்து பல இடங்களில் கைத்தொலைபேசிகள் செயலிழந்தன. கந்தப்பளையிலிருந்து நுவரெலியா அதிக தூரமில்லை. ஆனாலும் இடையில் மலை நின்றால் ரேடியோவுக்கு அதுவே பெருந்தூரம்.

ஹாம் ரேடியோக்காரர்கள் எனப்படும் அமெச்சூர் வானொலியாளர்கள் கையில் வைத்திருக்கும் 144 மெகாஹேர்ட்ஸ் வோக்கிடோக்கியின் அலை பெரும்பாலும் நேர்கோட்டில்தான் போகும். பள்ளத்தாக்கில் நிற்பவருக்கு உச்சியில், அலையை வாங்கி மறுபடி அனுப்பும் ஒரு ரிப்பீட்டர் வேண்டும். அதற்கும் மின்சாரம் வேண்டும். சிற்றலையிலும் ஒரு சிக்கல் உண்டு. அலை தாழ்வான கோணத்தில் கிளம்பினால் ஜப்பானுக்குக் கேட்கும், பக்கத்துத் தோட்டத்துக்குக் கேட்காது.

இதற்கு வழி, சிற்றலையிலேயே குரலை நேரே மேலே அனுப்புவது. 7 மெகாஹேர்ட்ஸுக்கு ஏறத்தாழ 20 மீற்றர் கம்பியே அன்டெனாவாகப் போதும். அதை உயரத்தில் கட்டாமல், நாலைந்து மீற்றரிலேயே கிடையாக இழுத்துக் கட்டவேண்டும். அலை செங்குத்தாக ஏறி, சுமார் 300 கிலோமீற்றர் உயரத்திலுள்ள அயனிமண்டலத்தில் வளைந்து கீழிறங்கும். மரக்கறிப் பாத்தியில் வானம் பார்க்கப் பிடித்த குழாய்த் தண்ணீர்போல, சுற்றிலும் விழும். கந்தப்பளையிலிருந்து பருத்தித்துறையும் தெவிநுவரவும் அந்த வட்டத்துக்குள் அடங்கும். எந்த மலையும் குறுக்கே வராது. இரவில் அயனிமண்டலம் மெலிவதால், 7 மெகாஹேர்ட்ஸ் அலை அதைத் துளைத்து விண்வெளிக்குப் போய்விடலாம். அப்போது 3.5 மெகாஹேர்ட்ஸுக்கு இறங்குவார்கள். கம்பியின் நீளமும் இரட்டிப்பாகும். மின்சாரத்துக்கு ஒரு கார் பற்றரி போதும்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின், இலங்கை வானொலிச் சங்கத்தினர் அம்பாந்தோட்டையில் சிற்றலை நிலையம் அமைத்துக் கொழும்புடன் தொடர்பு ஏற்படுத்தினார்கள். அந்தமானில் இந்திய ஹாம் பாரதி பிரசாத்தின் குழு, உலக ஹாம்களோடு பேசும் பொழுதுபோக்குக்காகவே போர்ட் பிளேயருக்கு வந்திருந்தது. தொலைபேசிகள் அடங்கியதும் அதே கருவிகள் உறவினரைத் தேடுவோரின் செய்திகளைச் சுமந்தன.

இரண்டு இடத்திலும் கருவியைவிடப் பெரிய உதவி, பழகிய கை. எந்த நேரத்துக்கு எந்த அலைவரிசை, செய்தியைப் பிழையில்லாமல் வாங்குவது எப்படி என்பதெல்லாம் வெள்ளத்தன்று கற்கக்கூடியவை அல்ல. இலங்கையில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பரீட்சையில் சித்தியடைந்து அனுமதிப்பத்திரம் பெற்றவர்களே ஹாம் ரேடியோவில் பேசலாம். மலையகப் பாடசாலைகளில் அந்தப் பரீட்சைக்கு நாலு பிள்ளைகளைத் தயார்படுத்தினால், அடுத்த மழைக்கு முன் ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் ஒரு நிலையம் இருக்கக்கூடும்.