மலைச்சரிவில் வீடு: நில உயரத் தரவும் வரைபட மென்பொருளும்

வீட்டு வரைபடம் தயாரிக்கும் பணி இன்று பெரும்பாலும் கணிப்பொறியிலேயே நடைபெறுகிறது. சமவெளியில் மனை வைத்திருப்பவர் அதன் நீளத்தையும் அகலத்தையும் கொடுத்தால் வேலை தொடங்கிவிடும். மலைப்பகுதியில் அவ்விரண்டு அளவுகள் போதா. மனையின் ஒவ்வொரு மூலையும், இடையிலுள்ள ஒவ்வொரு மேடும் என்ன உயரத்தில் உள்ளன என்பது தெரிந்தாக வேண்டும். இந்த உயரங்களைச் செயற்கைக்கோள் தரவிலிருந்து எடுத்து, வீடு வரையும் மென்பொருளுக்குள் செலுத்தும் வசதி இப்போது எளிதாகக் கிடைக்கிறது. அலுவலக மேசையை விட்டு எழாமலேயே சரிவின் முப்பரிமாணத் தோற்றத்தைத் திரையில் கண்டுவிடலாம். இந்த வசதி வரவேற்கத்தக்கதே. ஆயினும் எந்தத் தரவு எதற்குப் பொருந்தும் என்பதை அறியாமல் அதைக் கையாண்டால், பிழையின் விலையை மண் வெட்டும் செலவிலும் தடுப்புச் சுவரிலும் வீட்டுக்காரர் செலுத்த வேண்டியிருக்கும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மூன்று மீட்டர் தூரத்திற்கு ஒரு மீட்டர் இறங்கும் சரிவில், குறுக்கே 10 மீட்டரும் சரிவின் போக்கில் 9 மீட்டரும் கொண்ட வீட்டுத் தளம் அமைக்க வேண்டும் எனக் கொள்வோம். மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் உள்ள உயர வேறுபாடு 3 மீட்டர். தளத்தைக் கீழ் விளிம்பின் மட்டத்தில் அமைத்தால் 135 கன மீட்டர் மண்ணை வெட்ட வேண்டும். நடு மட்டத்தில் அமைத்தால் வெட்டுவது சுமார் 34 கன மீட்டர்தான். வெட்டிய மண் கீழ்ப்பாதியை நிரப்பவும் உதவும். தளத்தை இரண்டு படிகளாகப் பிரித்தால் வெட்டும் அளவு 17 கன மீட்டராகக் குறைகிறது. மலைவாழ் மக்கள் பழைய வீடுகளைப் படிப்படியாக ஏன் அமைத்தார்கள் என்பதற்கு இந்தக் கணக்கே விளக்கம்.

இனி, சரிவைப் பற்றிய தகவல் தவறாக இருந்தால் என்ன ஆகும்? உண்மையில் இரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் நிலத்தை, மூன்றுக்கு ஒன்று எனத் தரவு காட்டிவிட்டது என்று கொள்வோம். நடுமட்டத் தளத்திற்கு வெட்ட வேண்டிய மண் 34-இலிருந்து 51 கன மீட்டராகிறது. இது பாதி மடங்கு கூடுதல். பொறுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். பின்புறத் தடுப்புச் சுவரின் நிலைமை அவ்வாறன்று. அதன் உயரம் 1.5 மீட்டரிலிருந்து 2.25 மீட்டராகிறது. சுவரின் மீது மண் தரும் நெருக்குவிசை உயரத்தின் வர்க்கத்திற்கேற்பவும், சுவரைக் கவிழ்க்கும் திருப்புவிசை உயரத்தின் கனத்திற்கேற்பவும் பெருகும். ஆகவே நெருக்குவிசை இரண்டே கால் மடங்காகவும், கவிழ்க்கும் விசை மூன்று மடங்கிற்கு மேலாகவும் உயர்கின்றன. முதல் கணக்கை நம்பிக் கட்டிய சுவர் முதல் பெருமழையில் நிற்குமா என்பது ஐயத்திற்குரியது.

பிரதமரின் ஊரக வீட்டுவசதித் திட்டம் 2016-இல் தொடங்கியபோது, ஒரு வீட்டிற்கான உதவித்தொகை சமவெளியில் 1.20 லட்சம் ரூபாய் என்றும், மலை மாநிலங்களில் 1.30 லட்சம் ரூபாய் என்றும் நிர்ணயிக்கப்பட்டது. மலைக்கென்று கூடுதலாகக் கிடைப்பது 10,000 ரூபாய். எதிர்பாராத ஒரு தடுப்புச் சுவர் இந்தத் தொகையை விழுங்கிவிடும் என்பதைப் பொறியியல் படிக்காதவரும் உணரலாம்.

தரவின் பிறப்பிடம்

முன்பெல்லாம் நில உயரத்திற்கு ஆதாரமாக இருந்தவை இந்திய நில அளவைத் துறையின் வரைபடத் தாள்களே. 1767-இல் தோன்றிய அத்துறையின் 1:50,000 அளவுத் தாள்களில் சம உயரக் கோடுகள் வழக்கமாக 20 மீட்டருக்கு ஒன்றாக வரையப்பட்டிருக்கும். ஆறு மாடிக் கட்டடம் ஒன்று இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒளிந்துகொள்ளக்கூடிய இடைவெளி இது. சாலைக்கும் அணைக்கும் இடம் பார்க்க அது போதுமானதாக இருந்தது.

2000-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் அமெரிக்காவின் எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாட்கள் பறந்து, உலக நிலப்பரப்பில் சுமார் 80 விழுக்காட்டை ராடார் மூலம் அளந்தது. இந்தியா உள்ளிட்ட நாடுகளுக்கு முதலில் 90 மீட்டர் இடைவெளியில் கிடைத்த இத்தரவு, 2014 முதல் 30 மீட்டர் இடைவெளியில் கிடைத்துவருகிறது. நமது இஸ்ரோ 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து செலுத்திய கார்ட்டோசாட்-1, முன்னும் பின்னும் சாய்ந்து நோக்கும் இரண்டு காமிராக்களால் ஒரே நிலத்தை இரு கோணங்களில் படமெடுத்தது. அந்த இணைப் படங்களிலிருந்து உருவான உயரத் தரவு, புவன் இணையத்தளத்தின் வழியாக 30 மீட்டர் கட்டங்களாகக் கிடைக்கிறது.

இந்த 30 மீட்டர் என்ற எண்ணின் பொருளைச் சற்று ஊன்றி நோக்க வேண்டும். சிம்லாவின் அட்சரேகையில் ஒரு கட்டம் வடக்கு தெற்காக 31 மீட்டரும் கிழக்கு மேற்காக 26 மீட்டரும் கொண்டது. பரப்பு ஏறத்தாழ 800 சதுர மீட்டர். 12 மீட்டருக்கு 18 மீட்டர் கொண்ட மனை அதில் நான்கில் ஒரு பங்கு. அதாவது முழு மனைக்கும் சேர்த்துத் தரவு சொல்வது ஒரே ஓர் உயரம்! திரையில் தெரியும் வழவழப்பான சரிவு, பக்கத்துக் கட்டங்களுக்கு இடையே மென்பொருள் தானே நிரப்பிக்கொண்ட கற்பனைப் பரப்பு. படிக்கட்டு வயல்களின் கரைகள் 2 மீட்டர் செங்குத்தாக இறங்கினாலும் அதில் தடயமே இராது. போதாக்குறைக்கு, அடர்ந்த தேவதாரு மரங்கள் உள்ள இடத்தில் கருவி அளந்தது தரையை அன்று, மரங்களின் மேற்பகுதியை. ராடார் தரவுக்கு வரையறுக்கப்பட்ட உயரப் பிழையே 16 மீட்டர் வரை அனுமதிக்கிறது.

சட்டத்தைப் பொறுத்த விளைவும் உண்டு. ஹிமாசலப் பிரதேசத்தில் 45 பாகைக்கு மேற்பட்ட சரிவில் கட்டடம் எழுப்ப விதிகள் இடம் தருவதில்லை. 30 மீட்டர் நீளமுள்ள ஒரு நிலத்தில் 10 மீட்டர் 50 பாகையிலும், எஞ்சிய 20 மீட்டர் 10 பாகையிலும் சரிந்துள்ளன எனக் கொள்வோம். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் தரவு இதை 27 பாகைச் சரிவு என்று காட்டும். தடைசெய்யப்பட்ட செங்குத்தான பகுதியிலேயே வீடு அமைந்தாலும் விண்ணப்பத்துடன் வரும் படம் விதிக்கு உட்பட்டதாகவே தோன்றும். யாரும் பொய் சொல்லவில்லை. கட்டத்தின் அளவே பொய் சொல்லிவிட்டது.

அப்படியானால் செயற்கைக்கோள் தரவு பயனற்றதா? அவ்வாறு கூறுவது அறியாமை. மனைக்கு வெளியே, மனையைச் சுற்றியுள்ள மலையை அறிய அதைவிட மலிவான வழி கிடையாது. ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் நீர் அண்டைக் கட்டங்கள் எட்டில் எது மிகச் செங்குத்தாக இறங்குகிறதோ அதை நோக்கி ஓடும் என்ற எளிய விதியைக் கொண்டு, மேல் மலையில் பெய்யும் மழை எந்த ஓடை வழியே இறங்கும் என்பதைக் கணிப்பொறி காட்டிவிடும். வறண்ட மாதத்தில் மனை பார்க்க வருபவர் கண்ணுக்கு அந்த ஓடை வெறும் பள்ளமாகவே தெரியும். அணுகு சாலை எப்பக்கம் வரலாம், குளிர்காலச் சூரியனை எதிர் மலை எத்தனை மணிக்கு மறைக்கும் என்பவற்றையும் இதிலிருந்து அறியலாம்.

மென்பொருளுக்குள் செலுத்தும் முறை

மனையின் உள்ளே நிலவரத்தை அறிய, தரையில் அளப்பதைத் தவிர வேறு வழியில்லை. டோட்டல் ஸ்டேஷன் கருவியாலோ பழைய மட்டக் கருவியாலோ அளக்கலாம். மேற்கூறிய மனையில் 3 மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் எடுத்தால் மொத்தம் 35 புள்ளிகள். இவற்றுடன் ஒவ்வொரு கரையின் தலைப்பையும் அடியையும் தனித்தனியே அளந்து, முறிவுக் கோடுகளாகக் குறிக்க வேண்டும். மென்பொருள் அருகருகே உள்ள புள்ளிகளை முக்கோணங்களாக இணைத்தே நிலப்பரப்பை உருவாக்குகிறது. முறிவுக் கோடு இல்லையேல் கரையின் குறுக்கே முக்கோணத்தை இழுத்து, செங்குத்தான இறக்கத்தைச் சாய்வாக மாற்றிவிடும்.

அளந்த புள்ளிகள் கிழக்கு, வடக்கு, உயரம் என்ற மூன்று எண்கள் கொண்ட வரிசைகளாக ஒரு கோப்பில் எழுதப்படுகின்றன. ரெவிட் போன்ற மென்பொருள்கள் இக்கோப்பை நேரடியாக ஏற்கும். ஸ்கெட்ச்சப் மென்பொருளில் சம உயரக் கோடுகளைக் கொண்டுவந்து அவற்றிலிருந்து பரப்பை எழுப்பலாம். பிழைகள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் நுழைகின்றன. நில அளவையாளர்களில் பலர் வடக்கை முதலிலும் கிழக்கைப் பின்னும் எழுதுவர். வரிசை மாறினால் நிலம் கண்ணாடி பிம்பம்போலத் திரும்பி, கிழக்கே இறங்க வேண்டிய சரிவு வடக்கே இறங்கும். வீடு மில்லிமீட்டரிலும் நிலம் மீட்டரிலும் இருந்தால் மலை ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். இதையாவது பார்த்தவுடன் கண்டுகொள்ளலாம்.

கண்டுகொள்ள முடியாதவை வேறு சில. செயற்கைக்கோள் தரவு பெரும்பாலும் பாகைகளில் கிடைக்கும். வீட்டு மென்பொருளுக்கு மீட்டர் வேண்டும். மாற்றும்போது சரியான யு.டி.எம். மண்டலத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: சிம்லா 43-ஆம் மண்டலம், ஜோஷிமட் 44-ஆம் மண்டலம். மாற்றிய பின் சிம்லாவின் வடக்கு ஆயத்தொலை 34 லட்சம் மீட்டரைத் தாண்டும். ஏழு இலக்கத் துல்லியத்துடன் மட்டுமே எண்களைக் கையாளும் மென்பொருளில், இவ்வளவு பெரிய எண் கால் மீட்டர் அளவுக்குத் தடுமாறும். சுவர்கள் திரையில் நடுங்குவதன் காரணம் இதுவே. மனையின் ஒரு மூலையைச் சுழியமாகக் கொண்டு எல்லா எண்களிலிருந்தும் கழித்துவிடுவது எளிய மருந்து.

உயரத்திற்கும் ஒரு சிக்கல் உண்டு. ராடார் தரவின் உயரம் சராசரி கடல்மட்டத்தை ஒட்டியது. கார்ட்டோசாட் தரவின் உயரம் பூமியின் கணித வடிவமான நீள்கோளத்திலிருந்து கணக்கிடப்பட்டது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தென்னிந்தியாவின் பல பகுதிகளில் 80 மீட்டரைத் தாண்டும். ஒரே தரவை மட்டும் பயன்படுத்தினால் இது வெளியே தெரியாது. மனைக்கு ஒன்றும் சுற்றுப்புறத்திற்கு ஒன்றுமாக இரண்டைச் சேர்க்கும்போது, மனை மட்டும் கிணற்றுக்குள் இறங்கியதுபோல் நிற்கும். அளவில் சிறிய வேறுபாடாக இருந்தால் கண்ணில் படாமலே போய்விடும். அதுவே அதிக ஆபத்தானது.

வருங்காலம் குறித்து

2021 பிப்ரவரியில் வெளியிடப்பட்ட வழிகாட்டு நெறிகள், நில வரைபடத் தரவுகளைத் தயாரிக்கவும் பயன்படுத்தவும் இருந்த முன் அனுமதிக் கட்டுப்பாடுகளைப் பெரிதும் தளர்த்தின. 2022-இன் தேசிய புவிசார் கொள்கை, 2030-க்குள் சமவெளிக்கு 25 சென்டிமீட்டரும் மலைப்பகுதிக்கு 1 முதல் 3 மீட்டரும் துல்லியமுள்ள உயர மாதிரியை இலக்காகக் கொண்டுள்ளது. இது நிறைவேறினால் சமவெளி நகரங்களில் வெள்ள நீர் வடிகால் திட்டமிடுவோருக்குப் பெரும் பேறு. மலை மனைக்கோ, ஒன்றரை மீட்டர் சுவரைத் தீர்மானிக்க 1 முதல் 3 மீட்டர் துல்லியம் போதாது என்பது வெளிப்படை. தரை அளவை 2030-க்குப் பின்னும் தேவைப்படும் என்றே கருதுகிறேன்.

உயரத் தரவு மண்ணின் தன்மையைச் சொல்லாது என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். 2023 ஜனவரியில் வீடுகள் விரிசல்கண்ட ஜோஷிமட், பழைய நிலச்சரிவுக் குவியலின் மீது அமைந்த நகரம். 1976-இலேயே மிஸ்ரா குழு இதை எடுத்துரைத்திருந்தது. அத்தகைய இடத்தில் எவ்வளவு துல்லியமான உயர மாதிரியும் மண் ஆய்வுக்கு ஈடாகாது.

வரைபட ஒப்புதல் வழங்கும் அலுவலர்கள், படத்துடன் புள்ளிக் கோப்பையும் கேட்டுப் பெறுவது நலம். உயரம் எந்தத் தரவிலிருந்து வந்தது, எந்த நாளில் அளக்கப்பட்டது, முறிவுக் கோடுகள் உள்ளனவா என்பவை ஒரே பார்வையில் புலப்படும். அளவையின் ஆதாரப் புள்ளியை, தோண்டும்போது அசையாத ஒரு பாறையிலோ சாலையோரக் கைப்பிடிச் சுவரிலோ ஆணி அடித்துக் குறித்துவைக்க வேண்டும். வேலை முடிந்த பின் அதே ஆணியிலிருந்து மீண்டும் அளந்தால், இரண்டு பரப்புகளுக்கும் இடைப்பட்ட கன அளவை மென்பொருளே கணக்கிட்டுத் தந்துவிடும். மண் வெட்டியதற்கான ஒப்பந்தக்காரரின் பட்டியலை அதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.