லேசர் ஒளிக்கோலம் வரைய விரும்புவோர்க்கு

பூசைக் காலத்தில் கிடர்பூர்ப் பந்தல்களின் ஒளியலங்காரத்தைக் கண்டு களிக்கும் நம் இளைஞர்கள், தாமே லேசர்க் காட்சி அமைக்க அவாவுதல் இயல்பே. ஆயின் விளக்கை வாங்கிய பின்னரே பலர் மென்பொருளைத் தேடுகின்றனர். கணினிக்கும் விளக்குக்கும் இடைநின்று ஏவலைக் கொண்டுசெல்லும் இணைப்புக் கருவியையே முதலில் ஆராய்தல் வேண்டும் என்போம். பாங்கோலின் நிறுவனத்தாரின் குவிக்‌ஷோ மென்பொருள் அந்நிறுவனக் கருவியோடன்றி இயங்காது. ஹீலியாஸ் கருவியோ யாவரும் ஆராயத்தக்க திறந்த அமைப்புடையது. விளக்கில் 25 முனைகளுடைய இல்டா இணைப்பு உண்டா எனப் பார்த்தே பணத்தை எண்ணிக் கொடுங்கள். அஃதில்லாத மலிவு விளக்குகள் பெரும்பாலும் தம்முள் அடைத்த உருவங்களையே சுழற்றிக்கொண்டிருக்கும்!

கதிரை மக்கள்மீதும் வானத்தை நோக்கியும் செலுத்தலாகாது. 2021இல் லேக் டவுன் ஸ்ரீபூமிப் பந்தலில் எழுந்த புர்ஜ் கலீஃபாவின் லேசர்க் காட்சி, விமானிகள் முறையிட்டதால் நிறுத்தப்பட்டது. வீட்டிற்குச் சுண்ணாம்புச் சுவரே திரையாகும். கண்ணாடிச் சன்னல் மட்டும் எதிரே இருத்தலாகாது. அதிற்பட்டுத் திரும்பும் கதிரும் கண்ணைக் கெடுக்கும்.