கண்ணுக்குத் தெரியாத கணக்கன்

விஞ்ஞான உலகின் விந்தைகளுள் ஒன்று நுண்செயலி. நகத்தளவே உள்ள இச்சில்லுதான் கணிப்பொறியின் மூளை என்று நாம் படிக்கிறோம். ஆனால் அது எவ்வாறு வேலை செய்கிறது? உடைத்துப் பார்த்தாலும் விளங்காது. அதன் வேகத்தைக் கண்ணால் தொடரவும் முடியாது.

1975-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாஸ் டெக்னாலஜி நிறுவனம் 6502 என்னும் நுண்செயலியை 25 டாலர் விலையில் வெளியிட்டது. 1977-இல் வந்த ஆப்பிள் 2 கணிப்பொறி இதனைக் கொண்டே இயங்கியது. அதில் இதன் துடிப்பு வினாடிக்குச் சுமார் 10 இலட்சம்! இந்த ஓட்டத்தை மெதுவாக்கிக் காட்டப் பிறந்ததே, 1980-களின் தொடக்கத்தில் ஆப்பிள் 2-க்காக வந்த 'விசிபிள் கம்ப்யூட்டர்: 6502' என்னும் கல்வி மென்பொருள்.

இதன் திரையில் நுண்செயலியின் உள்ளறைகள் தெரியும். நினைவகத்தில் 169, 5 என்ற எண்கள் அடுத்தடுத்து உள்ளன எனக் கொள்வோம். நுண்செயலி முதலில் 169-ஐ எடுக்கும். "அடுத்துள்ள எண்ணை 'ஏ' என்னும் அறையில் இடு" என்பதே அதன் பொருள் என அறியும். பின்னர் 5-ஐ எடுத்து அவ்வறையில் இடும். எடுத்தல், அறிதல், செய்தல் ஆகிய இம்மூன்றையே அது ஓயாமல் செய்கிறது. கற்பவர் இதனை ஒவ்வோர் அடியாக நிறுத்தி நிறுத்திக் காணலாம்.

இத்தகைய மென்பொருள்களை இன்று தேடுவோர்க்குத் தடைகள் பல. 5.25 அங்குல நெகிழ்வட்டில் உள்ள காந்தப் பதிவு ஆண்டுகள் செல்லச் செல்ல மங்குகிறது. நகலெடுக்க இயலாதபடி பூட்டி விற்கப்பட்ட வட்டுகளும் உண்டு. எனவே வட்டு கெடுமுன் அதனைப் படியெடுத்தல் வேண்டும். 1996-இல் தொடங்கிய 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' என்னும் இணைய நூலகம், இவ்வாறு படியெடுத்த ஆப்பிள் 2 மென்பொருள்கள் பலவற்றைக் காத்து வருகிறது. பழைய கணிப்பொறியைப் போலவே நடந்துகொள்ளும் 'எமுலேட்டர்' மூலம் அவற்றை இன்றைய கணிப்பொறியில் இயக்கலாம். தேடும்போது பெயரோடு, எந்தக் கணிப்பொறிக்கு உரியது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். கையேட்டையும் விட்டுவிடலாகாது, அஃதின்றிப் பாடம் பாதியே.

பழையதை ஏன் தேட வேண்டும் எனச் சிலர் கேட்கலாம். இன்றைய நுண்செயலியில் பல நூறு கோடி டிரான்சிஸ்டர்கள் உள்ளன. 6502-இல் சில ஆயிரமே. அதனால் அதன் அமைப்பு முழுவதும் நம் மனத்தில் அடங்கும்.

தோழியரே! எடுத்தல், அறிதல், செய்தல் என்னும் அடிப்படை இன்றும் மாறவில்லை. சிறியதைத் தெளிவுறக் கற்போம். பெரியதை அறியும் வழி திறக்கும்.