பிரேக்கை விட்ட பிறகும் லாரிச் சக்கரம் ஏன் சிக்கிக்கொள்கிறது?

தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே தொப்பூர் கணவாயில் இறங்கிவந்த ஒரு லாரி; பின்சக்கரத்தில் கருகல் வாடை. ஓட்டுநர் காலை எடுத்த பிறகும் பிரேக் ஏன் விடவில்லை?

துணி மாட்டும் கிளிப்பை நினைத்துப் பாருங்கள். அழுத்தினால் திறக்கும், விட்டால் கவ்வும். ஏர் பிரேக் லாரியின் பார்க்கிங் பிரேக்கும் அப்படித்தான். கவ்வுவது ஸ்பிரிங்; அதை அழுத்தித் திறந்து வைத்திருப்பது காற்று. எங்காவது கசிந்து அழுத்தம் மிகவும் குறைந்தால், ஓடும்போதே ஸ்பிரிங் கவ்வத் தொடங்கிவிடும்.

ஆனால் ஒரே ஒரு சக்கரம் மட்டும் சுட்டால், வம்பு பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கும்: துருவேறிய கேம் ஷாஃப்ட், தளர்ந்த ரிட்டர்ன் ஸ்பிரிங், அளவுமீறி இறுக்கிய ஸ்லாக் அட்ஜஸ்டர். (ட்ரம்மைத் தொட்டுவிடாதீர்கள், புறங்கையை அருகில் கொண்டுபோனாலே சூடு தெரியும்.) மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பிரேக்கை விடுவித்து, ஜாக்கியில் தூக்கிச் சுற்றிப் பார்த்தால் இழுவை புரியும்.

இப்படிச் சிக்கிச் சூடேறிய பிரேக், மிதிக்கும்போது வண்டியை உதறவும் வைக்கலாம். அந்த உதறல் எப்படி வருகிறது? அதிகச் சூடேறிய ட்ரம் வட்டம் கெடும். லைனிங் ஓரிடத்தில் அழுந்தும், மறு இடத்தில் நழுவும்.

மிதிக்கும்போது மட்டும் உதறினால் ட்ரம்மைச் சந்தேகியுங்கள். மிதிக்காமலே உதறினால் டயர், ரிம், பேரிங் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால் வீல் நட்டு.

சூடான ட்ரம்மில் தண்ணீர் ஊற்றவே வேண்டாம். வார்ப்பிரும்பு விரிசல் விடும்.