படகில் வெந்நீர் எதில் காய்கிறது?

பிரிட்டன் கால்வாய்களில் படகை வாடகைக்கு எடுத்து, தாமே ஓட்டிக்கொண்டு போவது பலருக்குப் பிடித்த விடுமுறை. முன்பதிவின்போது "குளிக்க வெந்நீர் வருமா?" என்று தவறாமல் கேட்பார்கள். அது எதில் காய்கிறது என்றும் கூடவே கேட்டுவிடுவது உயிருக்கு நல்லது.

பல படகுகளில் எஞ்சின் சூடுதான் அடுப்பு. எஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றிவரும் நீர், கலோரிஃபையர் என்ற தொட்டிக்குள் சுருள்குழாய் வழியாகப் போய், அங்குள்ள தண்ணீரைக் காய்ச்சிவிடும். ஓரிரு மணி நேரம் படகை ஓட்டினால் போதும். தொட்டிக்கு நல்ல உறை இருந்தால் மறுநாள் காலைவரை சூடு தங்கும். தனி எரிபொருள் வேண்டாம், அறைக்குள் நெருப்பும் இல்லை. என்னைக் கேட்டால் சிறு படகுக்கு இதுவே உத்தமம். ஒரே எச்சரிக்கை: அந்த நீர் 80 டிகிரியைத் தொடலாம். தண்ணீர் கலந்து சூட்டைத் தணிக்கும் வால்வு இல்லையென்றால் குழந்தைகளைக் குழாயடியில் தனியே விடாதீர்கள்.

பழைய படகுகள் சிலவற்றில் சுவரில் கேஸ் கீசர் தொங்கும். குழாயைத் திறந்ததும் குப்பென்று பற்றும். இவற்றில் பல, எரிவதற்கான காற்றை நாம் இருக்கும் அறையிலிருந்தே எடுப்பவை. குளிருக்குப் பயந்து காற்றுத் துளையில் துணியைத் திணித்தாலோ, புகைபோக்கி அடைத்துக்கொண்டாலோ, கேஸ் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு கிளம்பும். நம்மூர்க் குளியலறைகளில் கேஸ் கீசர் உயிர் குடிப்பதும் இப்படித்தான். அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வரும். படகு ஆடுவதால் வந்தது என்று நினைத்து உள்ளேயே போய்ப் படுத்துவிடுகிறார்கள், அதுதான் வினை. வெளியே வந்ததும் தலைவலி குறைந்தால் உடனே சந்தேகப்படுங்கள்.

எஞ்சினும் அறையைச் சூடாக்கும் கருவியும்கூட நிரபராதிகள் அல்ல. 2016 ஜூனில் நார்ஃபோக்கின் ராக்ஸம் பகுதியில் கட்டிநிறுத்திய படகொன்றில் இருவர் இறந்து கிடந்தார்கள். நின்ற இடத்திலேயே ஓடிய பெட்ரோல் எஞ்சினின் புகை உள்ளே புகுந்திருந்தது. 2019 டிசம்பரில் யார்க் நகரில் இறந்த இருவரின் படகில், அறையைச் சூடாக்கும் கருவியின் புகைக்குழாய் கழன்றிருந்தது. ஆகவே வெந்நீருக்காக நின்ற இடத்தில் எஞ்சினை உறுமவிடுவது வேண்டாம். இரவு 8 முதல் காலை 8 வரை அப்படிச் செய்தால் பக்கத்துப் படகுக்காரரும் சண்டைக்கு வருவார். கால்வாய் நிர்வாகமும் அந்த நேரத்தில் கூடாது என்கிறது.

சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. 1998-ஆம் ஆண்டு கேஸ் பாதுகாப்பு விதிகள் வாடகைப் படகுக்கும் உண்டு. 'கேஸ் சேஃப்' பதிவு பெற்றவர் ஆண்டுதோறும் சோதித்துச் சான்று தர வேண்டும். குறுகிய கால வாடகையானால் அதன் நகலைப் படகில் கண்ணில் படும்படி மாட்டலாம். இல்லையென்றால் கேளுங்கள். பழுது பார்க்க யாராவது வந்தால் அவருடைய அடையாள அட்டையைத் திருப்பிப் பாருங்கள். எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று பின்பக்கம்தான் இருக்கும். வீட்டு பாய்லருக்கு மட்டும் தகுதி பெற்றவர் படகு கேஸைத் தொடக்கூடாது. 2019 ஏப்ரலிலிருந்து, தங்கும் அறையுள்ள படகுகளில் கார்பன் மோனாக்சைடு அலாரமும் கட்டாயம். சாவி வாங்கியதும் முதல் வேலையாக அதன் பொத்தானை அழுத்திச் சத்தம் வருகிறதா பாருங்கள்.

வெந்நீர் வரும் என்று பணம் வாங்கிவிட்டு வரவில்லையா? அன்றைக்கே எழுத்தில் சொல்லுங்கள், படம் எடுத்து வையுங்கள். 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி சரிசெய்யச் சொல்லலாம், வாடகையைக் குறைக்கக் கேட்கலாம். மறுத்தால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண்டு வரையிலான கோரிக்கைக்குச் சிறுவழக்கு முறை இருக்கிறது. உடல் பாதிப்புக்கு இழப்பீடு கேட்டு வழக்குப்போடப் பொதுவாக மூன்று ஆண்டு அவகாசம்.

அலாரம் அடித்தால் எல்லோரும் வெளியே வாருங்கள், 999-ஐ அழையுங்கள். மருத்துவமனையில் கார்பன் மோனாக்சைடு சந்தேகம் என்று முதலிலேயே சொல்லி, ரத்தப் பரிசோதனை கேளுங்கள். விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிஜன் கருவிக்கு இந்த வாயுவைப் பிரித்தறியத் தெரியாது. ஆபத்தான நிலையிலும் அது 98 என்று காட்டலாம்.